இன்றைய காவலும் நாளைய கலமும்

திண்டுக்கல் நகரின் மேற்புறத்தே, சமவெளியின் நடுவில் தனித்து எழுந்து நிற்கும் பெரும் பாறையின்மீது ஒரு கோட்டை உள்ளது. மதுரை நாயக்க மன்னர் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பெற்றது அது. மழைநீரைத் தேக்கி வைக்கும் சுனைகளும், தளவாடங்கள் வைக்கும் அறைகளும் இன்றும் அங்கே காணப்படுகின்றன. உச்சியில் நின்று நோக்குவார்க்கு ஒருபுறம் சிறுமலையும், மறுபுறம் பழனிமலைத் தொடரும், இடையே தோட்டங்களும் ஊர்களும் தெரியும். கடல் மட்டும் தெரியாது. அது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. எனினும், ஒரு நாடு தன் கடற்படைக்குப் பணத்தை எவ்வாறு பகிர்ந்து செலவிடுதல் வேண்டும் என்னும் வினாவை இக்கோட்டையிலிருந்து தொடங்கி ஆராய்தல் பொருத்தமுடையதே ஆகும். அவ்வினாவின் ஒரு பாதிக்கு இங்கே விடை கிடைத்தது. மறுபாதிக்கு விடை காணாமையால் ஓர் அரசு அழிந்தது.

1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக அனுப்பப்பெற்றவர் ஐதர் அலி. சுற்றுப்புறப் பாளையக்காரர்கள் அடங்காதிருந்த காலம் அது. ஆகவே, அன்றன்று போரிடுவதற்குரிய வீரர்களுக்கு ஊதியம், குதிரைகளுக்குத் தீவனம், துப்பாக்கிக்கு மருந்து ஆகியவற்றைக் குறைவின்றி அளித்தாக வேண்டும். இவை அனைத்தையும் அளித்த அவர், அதனோடு நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கிப்படை நடத்தும் திறனைக் கண்டறிந்தவராதலின், புதுச்சேரி முதலிய இடங்களிலிருந்து அந்நாட்டுத் தொழில் வல்லுநரை வரவழைத்து, திண்டுக்கல்லிலேயே படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். கிடைத்த வருவாயின் ஒரு பகுதி அன்றைய சண்டைக்கும், ஒரு பகுதி வருங்காலப் பீரங்கிக்கும் சென்றது. சில ஆண்டுகளில் அவர் மைசூரின் ஆட்சியையே கைக்கொண்டதற்கு இவ்வேற்பாடும் ஒரு காரணம்.

நிலத்தில் இவ்வளவு கருத்தாக இருந்தவர் கடலில் அவ்வாறு இருக்க இயலவில்லை. 1763-இல் பேதனூரை வென்று மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களைப் பெற்றபின் அவர் கப்பல்கள் கட்டத் தொடங்கினார். ஆயின் 1768-இல் ஆங்கிலேயர் மங்களூரைப் பிடித்தபோது அக்கடற்படை சிதைந்தது. மீண்டும் கட்டிய கலங்களை 1780 டிசம்பரில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் எட்வர்டு ஹ்யூஸ் மங்களூர்த் துறையிலேயே அழித்தார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் பொள்ளிலூரில் ஆங்கிலப் படை ஐதரிடம் பெருந்தோல்வி கண்டிருந்தது. நிலத்தில் அடைந்த அவ்வெற்றியின் பயன் என்ன ஆயிற்று? இரண்டு மாதத்திற்குள் வங்காளத்திலிருந்து கடல்வழியே வீரர்களுடனும் பணத்துடனும் சென்னையில் வந்து இறங்கினார் ஐயர் கூட் என்னும் தளபதி. அவர் வந்த வழியை அடைப்பதற்கு ஐதரிடம் ஒரு கப்பலும் இல்லை. நிலத்தில் இவர்களை ஒடுக்க முடியும், கடலை வற்றச் செய்ய முடியாதே என்று அவர் வருந்தியதாக ஒரு செய்தி வழங்குகிறது. அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் 1796-இல் நாற்பது போர்க்கப்பல்கள் கட்டுமாறு விரிவான கட்டளை ஒன்று பிறப்பித்தார். கட்டளை நன்றே, ஆனால், காலம் கடந்துவிட்டது. திண்டுக்கல் 1792-இலேயே கும்பினியார் வசமாகியிருந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணமும் வீழ்ந்தது.

பணம் குறைவாயிருக்கும்போது இன்றைய தேவையையும் நாளைய தேவையையும் ஒருங்கே பேணுதல் எளிதன்று. இதனைத் திண்டுக்கல் சமவெளி உழவர் ஒருவருக்கு விளக்கவேண்டிய தேவையே இல்லை. ஆற்றுப் பாசனம் அரிதாகிய இந்நிலத்தில் வேளாண்மை பெரிதும் கிணற்றை நம்பியது. கையிலுள்ள பணத்தை மோட்டார்ப் பழுதுக்கும் உரத்திற்கும் செலவிட்டால் இவ்வாண்டுப் பயிர் பிழைக்கும். ஆனால், நீர்மட்டம் ஆண்டுதோறும் கீழே இறங்குகிறது. அப்பணத்தைக் கொண்டு கிணற்றை ஆழப்படுத்தினால் மூன்றாம் ஆண்டு நீர் இருக்கும்; ஆனால், இவ்வாண்டுப் பயிர் கருகும். கடற்படையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வறட்சி உழவரின் பணப்பையைப் பார்த்து வருவதில்லை. பகைவனோ, கப்பல்கள் பழுதாகி நிற்கும் வேளையைப் பார்த்தே வருவான்.

இந்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இவ்விரு தேவைகளும் இரு கணக்குகளில் எழுதப்படுகின்றன. மாலுமிகளின் ஊதியம், எரிபொருள், உதிரி உறுப்புகள், பழுதுபார்த்தல் முதலியவை வருவாய்ச் செலவு எனப்படும். புதிய கப்பல், நீர்மூழ்கி, வானூர்தி முதலியவை மூலதனச் செலவு எனப்படும். 2023-24-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் கடற்படைக்கு மூலதனமாக ஏறத்தாழ 52,800 கோடி ரூபாயும், வருவாய்ச் செலவாக ஏறத்தாழ 32,280 கோடி ரூபாயும் ஒதுக்கப்பெற்றன. அதே ஆண்டில் தரைப்படைக்கு வருவாய்ச் செலவு ஏறத்தாழ 1,81,000 கோடி. மூலதனம் 37,000 கோடியே. தரைப்படைக்கு ஆள் முதன்மை. கடற்படைக்குக் கலம் முதன்மை என்பது இவ்வெண்களாலேயே விளங்கும்.

மூலதனத் தொகை முழுவதும் புதிய எண்ணங்களுக்குப் பயன்படும் என்று கொள்ளலாகாது. கப்பலின் விலை ஒரே நாளில் கொடுக்கப்படுவதன்று. கட்டும் வேலை வளர வளர, பல ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கொடுக்கப்படுவது. எனவே, ஓர் ஆண்டில் கிடைக்கும் மூலதனத்தின் பெரும்பகுதி முன்னைய ஆண்டுகளில் செய்த ஒப்பந்தங்களின் தவணைக்கே சென்றுவிடும். வருவாய்க் கணக்கிலும் ஊதியத்தைக் குறைக்க இயலாது. ஆகவே, பணம் போதாத ஆண்டில் முதலில் கைவைக்கப்படுவது உதிரி உறுப்பும், பயிற்சிக்குரிய எரிபொருளும், பழுதுபார்க்கும் வேலையும் ஆகும். இக்குறை உடனே வெளியே தெரியாது. துறையில் நிற்கும் கப்பல் வண்ணம் பூசப்பெற்று அழகாகவே தோன்றும்.

உலக வரலாற்றிலிருந்து ஒரு சான்று காணலாம். 1904-இல் பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பிஷர் என்பவர், உலகெங்கும் சிதறிக் கிடந்த பழைய சிறு கப்பல்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஒதுக்கித் தள்ளினார். அவற்றால் மிஞ்சிய பணமும் மாலுமிகளும் புதிய பெரும் போர்க்கப்பல்களுக்குப் பயன்பட்டன. 1906-இல் டிரெட்நாட் என்னும் கப்பல் வெளிவந்தபோது, அதற்கு முன்னைய போர்க்கப்பல்கள் அனைத்தும் ஒரே நாளில் பழமையாயின. பிஷர் செய்தது பெரும்பாலும் சரியே. ஆனால், அதற்கு ஒரு விலையும் இருந்தது. முதல் உலகப்போர் மூண்டபோது புதிய கப்பல்கள் வடகடலில் ஜெர்மானியரை எதிர்நோக்கிக் காத்திருந்தன. இந்தியப் பெருங்கடலில் காவல் மெலிந்திருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் ஒற்றை ஜெர்மன் கப்பல் சென்னைக்கு வந்து குண்டு பொழிந்து, எண்ணெய்த் தொட்டிகளை எரியச் செய்துவிட்டு அமைதியாகச் சென்றது. நகரை விட்டு மக்கள் கூட்டங் கூட்டமாக ஓடினர். துணிச்சலும் சூழ்ச்சியும் உடைய ஒருவனை ‘அவன் ஓர் எம்டன்’ என்று கூறும் வழக்கு அன்று தமிழில் நுழைந்தது. ஒரு கப்பலின் பெயர் ஒரு மொழியில் சொல்லாக நிலைத்தமை அரிதினும் அரிது. அதே ஆண்டு நவம்பரில் எம்டனை அழித்தது, ஆஸ்திரேலியாவின் புதுக் கப்பலாகிய சிட்னி. புதுக் கலத்தின் வலிமையும், காவலற்ற கரையின் துன்பமும் ஆகிய இரண்டும் இரு மாத கால அளவில் வெளிப்பட்டன.

விடுதலை பெற்ற இந்தியா, கட்டி முடிக்கப்படாமல் பிரிட்டனில் கிடந்த வானூர்தி தாங்கிக் கப்பல் ஒன்றை 1957-இல் விலைக்கு வாங்கியது. 1961-இல் அது விக்ராந்த் என்னும் பெயருடன் படையிற் சேர்ந்தது. மறு ஆண்டு சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அதன்பின் பாதுகாப்புப் பணம் மலையெல்லையை நோக்கியே ஓடிற்று. கடற்படைக்குக் கிட்டியது சிறு பங்கே. 1965-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது விக்ராந்த் பம்பாயில் பழுதுபார்க்கப்பட்டுக் கொண்டிருந்தது. பகைவரிடம் காஜி என்னும் நீர்மூழ்கி இருந்தது. இந்தியாவிடம் நீர்மூழ்கி ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகைக் கரையருகே வந்து குண்டுவீசிச் சென்றன. உயிர்ச்சேதம் பெரிதன்று, மானச்சேதம் பெரிது.

அடுத்த ஆறாண்டுகளில் நடந்தவை கருத்தூன்றிப் படிக்கத்தக்கவை. 1967 டிசம்பர் 8 அன்று கல்வரி என்னும் முதல் நீர்மூழ்கி இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. சோவியத் நாட்டிலிருந்து எட்டு ஏவுகணைப் படகுகள் வாங்கப்பட்டன. அவை கரையோரக் காவலுக்கென அமைந்த சிறு படகுகள். ஒவ்வொன்றும் நான்கு ஏவுகணைகளையே தாங்கும். நெடுந்தொலைவு செல்ல எரிபொருள் போதாது. இவை நாளைய போருக்காக வாங்கப்பட்ட புதுமைகள். மற்றொருபுறம், விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டது. நான்கு கொதிகலன்களில் ஒன்று பயன்படாமற்போகவே, கப்பல் முழு விரைவில் ஓட இயலாதாயிற்று. வானூர்தி தாங்கிக்கு விரைவு என்பது அழகுக்கன்று. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து ஓடினால்தான் குறுகிய மேல்தளத்திலிருந்து வானூர்தி மேலெழும். அதனைப் போரிலிருந்து விலக்கி வைத்துவிடலாம் என்ற கருத்தும் எழுந்தது. கடற்படைத் தலைவராயிருந்த நந்தா அக்கருத்தை ஏற்கவில்லை. குறையுள்ள கொதிகலனை நிறுத்திவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு கப்பல் வங்கக் கடலில் இயங்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது.

1971 டிசம்பரில் போர் மூண்டது. விக்ராந்தைத் தேடி வந்த காஜி விசாகப்பட்டினத்தின் அருகே மூழ்கிப்போயிற்று. விக்ராந்திலிருந்து எழுந்த வானூர்திகள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. மேற்கே, டிசம்பர் 4 இரவில், மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கிப் பகைக் கப்பல்களை மூழ்கடித்தன. கரையோரக் காவலுக்கென வந்த படகுகளை இழுவைக் கயிற்றால் பிற கப்பல்களோடு பிணைத்துத் தொலைவு கடத்தலாம் என்று முன்னரே பயின்று வைத்திருந்தமை இவ்வெற்றிக்கு அடிப்படை. புதிய படைக்கலம் வாங்கப்பட்டதனால் மட்டும் அவ்வெற்றி வரவில்லை; அதை இயக்கிப் பயின்றதற்குரிய எரிபொருளும் நாட்களும் செலவிடப்பட்டதனால் வந்தது. கிழக்கில் பழைய கப்பலைப் பேணியதும், மேற்கில் புதிய படகை வாங்கியதும் ஒரே போரில் பயன் தந்தன.

அதே போரில் ஒரு பேரிழப்பும் நேர்ந்தது. டிசம்பர் 9 இரவில் குக்ரி என்னும் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். தலைவர் மகேந்திரநாத் முல்லா தம் கப்பலை விட்டு நீங்காமல் அதனோடு மூழ்கினார். நீருக்கடியிலிருப்பதை ஒலியால் உணரும் கருவி இரு கலங்களிலும் இருந்தது. ஆனால், குக்ரியின் கருவி எட்டிய தொலைவைவிட அந்தப் புதிய நீர்மூழ்கியின் கருவி எட்டிய தொலைவு மிகுதி. குக்ரியின் மாலுமிகளுக்கு வீரம் குறைவில்லை, பயிற்சியும் குறைவில்லை. காணப்படும் முன்னரே தன்னைக் காண்பவனிடமிருந்து இவ்விரண்டும் ஒருவனைக் காத்துவிடுவதில்லை. இன்றைய தேவையையே பார்த்து நாளைய கருவியைத் தள்ளிப்போடுவதன் விலை இதுவாகும்.

நீர்மூழ்கிகளின் கதை இன்னும் ஒன்றைக் கற்பிக்கிறது. 1981-இல் ஜெர்மன் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்யப்பட்டு, இரண்டு நீர்மூழ்கிகள் அந்நாட்டிலும் இரண்டு பம்பாய் மசகான் கப்பல் தளத்திலும் கட்டப்பெற்றன. ஷால்கி 1992-இலும், ஷங்குல் 1994-இலும் படையிற் சேர்ந்தன. அழுத்தம் தாங்கும் எஃகைப் பிசிறின்றி இணைக்கும் அருந்தொழிலை இந்தியத் தொழிலாளர் கற்றுக்கொண்டிருந்தனர். பின்னர் அவ்வேலை நின்றது. கற்ற கைகள் பிற வேலைகளுக்குச் சென்றன. சிலர் ஓய்வு பெற்றனர். 2005-இல் பிரெஞ்சு வகை நீர்மூழ்கிகள் ஆறு கட்ட ஒப்பந்தம் செய்யப்பட்டபோது, தொழிலை மீண்டும் அடியிலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அவற்றுள் முதலாவதாகிய புதிய கல்வரி 2017 டிசம்பரில் சேர்ந்தது. ஆறாவதாகிய வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. ஷங்குலுக்கும் கல்வரிக்கும் இடையே இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. கப்பல் கட்டுவதை ஓராண்டு நிறுத்தினால் ஓராண்டுப் பணம் மிஞ்சும் என்று கணக்கர் எழுதலாம். தலைமுறை தலைமுறையாக நெய்யும் தறியை நிறுத்திப் பார்த்த சின்னாளப்பட்டியார் அக்கணக்கை ஒப்பமாட்டார்.

புதியவை வரத் தாழ்த்ததனால் பழையவை மிகுதியாக உழைத்தன. 1980-களில் சோவியத் நாட்டிலிருந்து வந்த நீர்மூழ்கிகள் மீண்டும் மீண்டும் செப்பனிடப்பட்டுப் பணியாற்றின. 2014 பிப்ரவரி 26 அன்று அவ்வகையைச் சேர்ந்த சிந்துரத்னா மும்பைக்கு அப்பால் கடலுக்குள் இருந்தபோது அதனுள் தீயும் புகையும் எழ, இரு அதிகாரிகள் உயிர் துறந்தனர். அதற்கு முந்தைய ஆகஸ்டில் சிந்துரக்‌ஷக் துறைமுகத்திலேயே வெடித்துப் பதினெண்மர் மாண்டிருந்தனர். கடற்படைத் தலைவராயிருந்த தே. கு. ஜோஷி அன்றே பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பதவியைப் பெரிதாகக் கொள்ளாத அச்செயல் போற்றற்குரியது.

பழையதைக் குறைந்த விலைக்கு வாங்கிப் புதுப்பித்துக்கொண்டால் இரு தேவையும் நிறைவுறாதோ என்று கேட்கலாம். அதற்கும் சான்று உண்டு. கோர்ஷ்கோவ் என்னும் ரஷ்யக் கப்பலைப் புதுப்பித்துப் பெற 2004-இல் ஒப்பந்தம் செய்தபோது விலை 100 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. கப்பலைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க, மாற்றவேண்டிய குழாய்களும் கம்பிவடங்களும் பெருகின. 2010-இல் விலை ஏறத்தாழ 235 கோடி டாலராக உயர்ந்தது. 2013-இல் அது விக்ரமாதித்தியா என்னும் பெயருடன் படையிற் சேர்ந்தது. நற்பணி செய்யும் கப்பலே அது. ஆனால், மலிவு என்று எண்ணி வாங்கியது மலிவாக முடியவில்லை.

கொச்சியில் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய் செலவில் கட்டப்பெற்ற புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று படையிற் சேர்ந்தது. இவ்வாறு இரண்டு தாங்கிக் கப்பல்கள் உள்ளன. ஒன்று கடலில் காவல் புரிய, ஒன்று பழுதுபார்க்கப்பட, ஒன்று பயிற்சியில் இருக்க, மூன்று கப்பல் இருந்தால்தான் எப்பொழுதும் ஒன்று ஆயத்தமாயிருக்கும் என்பது கடலோடும் நாடுகளின் பழைய கணக்கு. மூன்றாவது வேண்டுமா, அப்பணத்திற்கு நீர்மூழ்கிகள் வேண்டுமா என்னும் வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. இரு பக்கத்திலும் கற்றறிந்தோர் உள்ளனர். திருக்குறளில் அரண் என்னும் அதிகாரத்திற்கும் படைமாட்சி என்னும் அதிகாரத்திற்கும் நடுவே பொருள்செயல்வகை வைக்கப்பட்டிருப்பதைக் காண்போர், இவ்வழக்கு புதிதன்று என அறிவர்.

இவை எல்லாம் கடற்கரை ஊர்களின் கவலை என்று திண்டுக்கல்லார் இருந்துவிட முடியாது. இங்குள்ள ஆலைகளில் நூற்கப்படும் நூலும், பதனிடப்படும் தோலும் தூத்துக்குடிக்குச் சென்று கப்பலேறுகின்றன. அவற்றை ஏற்றிச்செல்லும் லாரியின் எரிபொருள் கடல்வழியே வந்தது. 2023-இன் இறுதியில் செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. ஏற்றுமதியாளர் செலுத்தும் கப்பற்கூலி ஏறிற்று. 2024 மார்ச்சில் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்திருந்த ரூயன் என்னும் கப்பலை இந்தியக் கடற்படை மீட்டு, மாலுமிகள் பதினெழுவரையும் காப்பாற்றியது. கொள்ளையர் முப்பத்தைவர் பிடிபட்டனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, அதே நாளில் இலங்கைக்கு உதவிப் பொருளுடன் இந்தியக் கப்பல்கள் புறப்பட முடிந்தது. எரிபொருள் நிரம்பி, மாலுமிகள் குறையாமல், பழுதின்றித் துறையில் நின்ற கப்பல்களே அவ்வாறு புறப்பட முடியும். கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கப்பல் எவ்வளவு சிறந்ததாயினும் அன்றைக்கு உதவாது.

திண்டுக்கல்லிலிருந்து தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில், கடலலை தெரியாத நிலத்தில் கடற்படைக்கு ஒரு நிலையம் உள்ளது. கட்டபொம்மன் என்று பெயர் பெற்ற அது 1990-இல் தொடங்கப்பெற்றது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளால் செய்தி அனுப்புவது அதன் பணி. 1987-இல் படையிற் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டு உழைத்து 2022-இல் ஓய்வு பெற்ற சிந்துத்வஜும் இத்தகைய அலைகளையே செவிமடுத்தது. நேற்றுச் சேர்ந்த வாக்‌ஷீரும் இவற்றையே செவிமடுக்கிறது.